மறு: கோடிங் ஏஜென்ட் – முகவரா, ஏவலரா?

> "நிரல் முகவர்" என்றே வைத்துவிடலாமே. முகவர் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே.

வணக்கம். நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான கோடிங் ஏஜென்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே நம் பேச்சு; முகவர் என்ற சொல் புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் முகவர் என்றதும் எனக்கு எல்ஐசி முகவர்தான் நினைவுக்கு வருகிறார். நிறுவனத்தின் சார்பில் நம் வீட்டுக்கு வந்து பேசுகிறவர் அவர். இத்தகைய ஏஜென்டுகளான கிளாட் கோடோ கோடெக்ஸோ எனக்காக யாரிடமும் போய்ப் பேசுவதில்லை. களஞ்சியத்தை, அதாவது நிரல் கோப்புகளின் தொகுப்பைப் படிக்கின்றன, கோப்புகளைத் திருத்துகின்றன, நிரல் சரியா என்று பார்க்கும் சோதனைகளை ஓட்டுகின்றன, தோற்றால் மறுபடி திருத்துகின்றன. இன்னொரு சங்கடம்: 'அர்' விகுதி வந்தாலே மரியாதையும் கூடவே வந்துவிடும். "முகவர் என் கோப்பை அழித்துவிட்டார்" என்று எழுதிவிட்டு எப்படித் திட்டுவது?

> அப்படியென்றால் "ஏவலர்"?

ஏவல், பில்லி, சூனியம் என்று யாராவது தொடங்கிவிடுவார்கள், ஐயா. கேலியை விட்டாலும், ஏவலர் என்பவர் சொன்னதை மட்டும் செய்பவர். இங்கே நாம் சொல்வது முடிவை மட்டும்; வழியை அதுவே தேடிக்கொள்கிறது. அதனால்தான் 'தானியங்கி' என்ற அடைமொழியும் ஒட்டவில்லை. தானியங்கிப் பணம் வழங்கி என்றைக்கும் ஒரே பாதையில்தான் போகும். 'தன்னாட்சி' பரவாயில்லை. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தேர்வையும் தானே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம்தான் தரும். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு சிக்கலை (இஷ்யூ) அங்குள்ள ஏஜென்டான கோபைலட்டுக்கு ஒதுக்கினால், அது வரைவு நிலையில் ஒரு இணைப்புக் கோரிக்கையை, அதாவது தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் புல் ரிக்வெஸ்டைத் திறந்துவைக்கும். பார்த்துச் சேர்ப்பது ஆள்தான்.

பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் சொற்பட்டியல் நிரலில் அகரவரிசை தவறாக இருந்தது. எழுத்துகளுக்குக் கணினிக் குறியெண் தரும் யூனிகோடில் ன, நவுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். குறியெண்படி அடுக்கினால் 'மறம்' என்பதற்கு முன்னால் 'மனம்' வந்துவிடும். இதைச் சரிசெய்ய ஏஜென்டிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் எல்லாச் சோதனையும் பச்சை, அதாவது தேறிவிட்டது. மகிழ்ச்சியாகச் சேர்த்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், வரிசைப்படுத்தும் பகுதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சோதனைக் கோப்பில் எதிர்பார்த்த விடையை 'மனம், மறம்' என்று திருப்பி எழுதி வைத்திருக்கிறது! கமிட்டில், அதாவது மாற்றத்தைப் பதிந்த குறிப்பில் இருந்தது என் பெயர். குழுவில் யாரிடம் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். செய்தது யார், பொறுப்பு யாருக்கு என்ற இந்தச் சிக்கலுக்கு நம் இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையில் கருத்தா இரண்டு வகை: ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா. 'கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது' என்றால் கரிகாலன் ஏவுதல் கருத்தா. அவன் கல் சுமந்திருக்க மாட்டான். ஆனாலும் அணை அவன் பேரில்தான் நிற்கிறது. கல்லை அடுக்கியவர்கள் இயற்றுதல் கருத்தா. பணியைக் கொடுத்த நான் முதல் வகை, நிரலை எழுதிய அது இரண்டாம் வகை.

ஆகவே என் முன்மொழிவு 'இயற்றி'. விரித்துச் சொன்னால் 'நிரலியற்றி'. கணினி, செயலி, உலாவி வரிசையில் இகர விகுதியோடு அஃறிணையாக நிற்கும். "இயற்றி சோதனையை மாற்றிவிட்டது" என்று தாராளமாகத் திட்டலாம்.

வேலையை அதனிடம் விடுவதற்கு, அதாவது டெலிகேட் செய்வதற்கு, 'ஒப்படைத்தல்' வேண்டாம் என்பேன். சாவியை ஒப்படைத்தால் வீடு நம் பொறுப்பில் இல்லை என்றாகிவிடும். அதைவிட 'எழுதுவித்தல்' நல்லது. 'வி' ஒன்று சேர்ந்தாலே, செய்யவைத்த ஆள் ஒருவர் பின்னால் இருக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. கமிட் குறிப்பில் 'எழுதியது', 'எழுதுவித்தவர்' என்று இரண்டு வரி போடலாம். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் ஏற்கெனவே ஆத்தர் (எழுதியவர்), கமிட்டர் (பதிந்தவர்) என்று இரண்டு புலங்கள் உண்டு. ஆனால் அவை இந்த வேறுபாட்டைச் சொல்பவை அல்ல.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. இயற்றுதல் என்றால் பாட்டும் சட்டமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும்; கொஞ்சம் கனமான சொல். மென்பொருளின் தமிழ் முகப்பில் ஒரு பொத்தானில் 'இயற்றியிடம் கொடு' என்று வந்தால் புதிதாகப் பார்ப்பவருக்குப் புரியுமா? மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த வரியை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.