பாதரசம் மீனுக்குள் திரள்கிறதா, பெருகுகிறதா? – ஒரு கலைச்சொல் விவாதம்

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கடலோரப் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்காக, மீன்களின் திசுக்களில் பாதரசம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் செய்யும் கேட்டைப் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலாவது பயோஅக்யுமுலேஷன். நீரிலிருந்தும் இரையிலிருந்தும் மீன் எடுத்துக்கொள்ளும் உலோகம், வெளியேறும் வேகத்தை விஞ்சி உள்ளே வருவதால் அதன் உடம்பிலேயே தங்கிவிடுவதை இது குறிக்கும். இரண்டாவது பயோமேக்னிஃபிகேஷன். சிறு மீனைப் பெரிய மீனும், அதை அதனினும் பெரிய மீனும் தின்னத் தின்ன, ஒவ்வொரு படியிலும் உலோகத்தின் செறிவு கூடுவதை இது குறிக்கும். நான் பார்த்த நூல்களில் முன்னதற்கு ‘உயிரித் திரட்சி’ என்றும் பின்னதற்கு ‘உயிரிப் பெருக்கம்’ என்றும் இருக்கின்றன. பாதரசக் கழிவால் மீனும் மனிதரும் நஞ்சுண்ட ஜப்பானிய ஊரான மினமாட்டா பற்றிய இயலில் இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே வேறுபாடு புலப்படவில்லை.

விலங்கியல் ஆசிரியை, தூத்துக்குடி

‘உயிரிப் பெருக்கம்’ வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு அதற்கு விளக்கம் கேட்டிருந்தேன். ‘பாதரசம் கலந்த கடலில் மீன்களின் எண்ணிக்கை கூடுதல்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவள் மேல் பிழை இல்லை. மக்கட்பெருக்கம், இனப்பெருக்கம் என்று சொல்லிப் பழக்கியவர்கள் நாம்தான். ‘உருப்பெருக்கம்’ என்பாரும் உண்டு. ஆனால் அதே செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியின் உருப்பெருக்கத்தையும் நான் சொல்லித்தர வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நலமான மீனின் செவுளைச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால், மெல்லிதழ்கள் சீப்புப் பற்களைப் போல இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும். காட்மியம் தாக்கிய செவுளில் அவ்விதழ்களின் மேலடுக்குச் செல்கள் பெருகித் தடித்து, இடைவெளி தூர்ந்து, பக்கத்து இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும். மீன் மூச்சுக்குத் திணறும். அங்கே உண்மையிலேயே நடப்பது செல்களின் மிகைப்பெருக்கம். ஒரே இயலில் ‘பெருக்கம்’ எத்தனை வேலையைத்தான் செய்யும்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

சொல்லைத் தேடும் முன் வேரைப் பார்ப்போம். ‘கன உலோகம்’ என்பதன் இரு பகுதிகளும் வடசொற்கள். உலோகத்துக்கு ‘மாழை’ என்னும் சொல் நிகண்டுகளில் இருக்கிறது. பாதரசத்துக்கு ‘இதள்’ இருக்கிறது. ‘திண்மாழை’ என்றால் சுருக்கமாக முடிந்துவிடும்.

அடுத்தது புணர்ச்சி. ‘உயிரி’ என்பது முழு உயிரினத்தையும் சுட்டுகிறது. உலோகம் சேர்வதோ உடலில். ஆகவே உடல் என்பதோடு திரட்சி சேர வேண்டும். நிலைமொழி ஈற்று லகரம் வருமொழித் தகரத்தோடு புணரும்போது இரண்டுமே றகரமாகும் என்பது அனைவரும் அறிந்ததே. ‘உடற்றிரட்சி’ என்பதே இலக்கண வடிவம். கல் முன் தீமை கற்றீமை ஆவது போல.

விலங்கியல் ஆசிரியை, தூத்துக்குடி

ஐயா, தங்கள் இலக்கணத்தில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் ‘உடற்றிரட்சி’ என்று கரும்பலகையில் எழுதினால், பிள்ளைகள் சொல்லைப் பிரிப்பதற்குள் மணி அடித்துவிடும். மாழை என்பதற்குப் பொன், இளமை, மாமரம் என்றும் பொருள்கள் உண்டே. செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களில் வடசொல்லையும் ஒன்றாக ஏற்றதும் நம் மரபுதான். உலோகம் இருந்துவிட்டுப் போகட்டும்.

உயிரியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

எங்கள் பாடநூல்களில் இது ‘பார உலோகம்’. திசுவை ‘இழையம்’ என்கிறோம்; செவுளுக்குப் ‘பூ’ என்பதே எங்கள் கலைச்சொல், அதன் மூடி ‘பூமூடி’. மீன் வாங்கும்போது மூடியைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பவர்களுக்கு அச்சொல் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ‘திசு’ ஆங்கில ஒலியை அப்படியே வாங்கியது. ‘இழையம்’ தமிழ் வேரில் முளைத்தது. கையேடு இங்கேயும் வாசிக்கப்படக்கூடும் ஆதலால், முதல் முறை வரும் இடத்திலாவது இரண்டையும் சேர்த்துத் தாருங்கள்.

மீன்வள ஆய்வாளர், நாகப்பட்டினம்

சொல்லைக் காட்டிலும் பொருளில் இருக்கும் வேறுபாட்டை ஒருமுறை தெளிவாக்கிவிடுகிறேன். இங்கே தவறினால் மீன் உண்பவருக்குத் தவறான செய்தி போகும்.

எல்லாக் கன உலோகங்களும் உணவுச் சங்கிலியில் ஏறுவதில்லை. பாதரசத்தின் கரிமச் சேர்மமான மெத்தில் பாதரசம் ஏறும். புரதங்களின் கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு தசையில் நிலைத்துவிடுவதால், தோலையும் கொழுப்பையும் அரிந்து எறிந்தாலும் அது போகாது; பெரிய கொன்றுண்ணி மீனில் அதன் செறிவு சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் பத்து இலட்சம் மடங்குகூட இருக்கலாம். காட்மியம் பெரும்பாலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தேங்கும். காரீயம் எலும்பிலும் செதிலிலும் செவுளிலும் சேரும். ஆனால் மேற்படிகளுக்குப் போகப் போக அதன் செறிவு பொதுவாகக் குறையும். அதாவது காரீயத்துக்கு முதற்சொல் பொருந்தும், இரண்டாம் சொல் பொருந்தாது.

மினமாட்டாவில் இரண்டும் நடந்தன. அங்கிருந்த சிஸ்ஸோ வேதி ஆலை 1932 முதல் 1968 வரை, அசெட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருளின் உற்பத்தியில் வந்த மெத்தில் பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன; மனிதரின் நோய் 1956 மே 1 அன்று அதிகாரபூர்வமாகப் பதிவானது. கடல்நீர் தெளிவாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மீன் ஊறவைக்கும் பெண்கள் “உப்பு இன்னும் கறியில ஏறல” என்பார்கள். அந்த ‘ஏறு’ போதும். முதலாவதை ‘உடலேற்றம்’ என்றும் இரண்டாவதைப் ‘படியேற்றம்’ என்றும் வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கையேட்டில் வெறுமனே ‘ஈயம்’ என்று எழுதாதீர்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், நஞ்சாவது காரீயம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

‘படியேற்றம்’ மிக நன்று. ஆனால் ‘உடலேற்றம்’ என்றால் உடலை ஏற்றுவதா, உடலில் ஏறுவதா என்னும் ஐயம் எழும். வேற்றுமைத் தொகை இரண்டு பக்கமும் விரியும். உடற்றிரட்சியில் அந்த ஐயம் இல்லை.

உயிரியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

‘தேக்கம்’ என்றால் என்ன? வரவு செலவை மிஞ்சுவதால் நிற்பதுதானே தேக்கம். குளத்துக்கு நாம் சொல்வதும் அதுவே. ‘உடல்தேக்கம்’ என்று பிரித்தாற்போல எழுதலாம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். முதலாவதற்கு ‘உடல்தேக்கம்’, இரண்டாவதற்குப் ‘படியேற்றம்’. ‘கன உலோகம்’ மாறாமல் நிற்கும். முதல் இடத்தில் ‘திசு அல்லது இழையம்’, ‘செவுள் அல்லது பூ’ என்று தருகிறேன். ‘ஈயம்’ வந்த ஏழு இடங்களையும் காரீயமாக்கிவிட்டேன். மாணவியின் விடையைப் படித்த பிறகு ‘பெருக்கம்’ என்பதை மிகைப்பெருக்கத்துக்கு மட்டும் ஒதுக்கினேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

‘உடல்தேக்கம்’ என்று புணர்த்தாமல் விடுவதை என்னால் ஏற்க இயலாது. ‘உடற்றேக்கம்’ என்றே வர வேண்டும். நேரமில்லை என்கிறீர்கள், அச்சேற்றுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் இவ்விழையை மீண்டும் எழுப்புவேன்.