டர்ன்ஸ் சரி, ஓம்ஸ் சரி, சர்ஜ் டெஸ்டில் மட்டும் காயில் ஏன் திரும்பி வருகிறது?

புதுக்கை:
வணக்கம். காயில் வைண்டிங் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பாபினில் (கம்பி சுற்றும் உருளை) 0.2 மி.மீ. எனாமல் (மின்சாரம் கசியாத பூச்சு) பூசிய செம்புக் கம்பி, ஒரு லேயருக்கு 80 சுற்று, 20 லேயர், மொத்தம் 1,600. லேயர்களுக்கு நடுவே பேப்பர் கிடையாது. கவுண்டர் சரியாகக் காட்டுகிறது, மல்டிமீட்டரில் ஓம்ஸும் அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் சர்ஜ் டெஸ்டுக்குப் போனால் பத்தில் இரண்டு மூன்று திரும்பி வந்துவிடுகிறது. பக்கத்து மெஷின் அண்ணனுக்கும் அதே கம்பி, அதே பாபின்தான், அவருடையது ஒன்றுகூடத் திரும்புவதில்லை. கேட்டால் "உனக்கு இன்னும் கை பழகவில்லை" என்கிறார்கள். கையில் எதைப் பழக வேண்டும் என்று யாராவது விளக்கினால் நல்லது. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, விட மனமில்லை.

டெஸ்ட்பெஞ்ச்:
தம்பி, முதலில் ஓம்ஸை நம்புவதை விடுங்கள். 1,600 சுற்றில் ஒரு சுற்று ஷார்ட் ஆனால் (எனாமல் போய்ப் பக்கத்துக் கம்பியைத் தொட்டால்) ரெசிஸ்டன்ஸ் குறைவது 0.06 சதவீதம். செம்பு ஒரு டிகிரி சூடானாலே கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும். அறையில் ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்பதே அந்த ஒரு சுற்றை மறைத்துவிடும். சர்ஜ் டெஸ்டில் காயிலுக்கு உயர் வோல்ட்டேஜ் பல்ஸ் கொடுத்து அலையைப் பார்க்கிறோம், ஷார்ட் இருந்தால் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் தன்மை) குறைந்து அலை நெருக்கமாகிவிடும், நல்ல காயிலின் அலையோடு ஒட்டாது. அந்த ஒரு சுற்றை அப்படியே அனுப்பினால், ஏசியில் அது டிரான்ஸ்ஃபார்மரில் ஷார்ட் செய்த செகண்டரி மாதிரி கரண்டை இழுத்து, சூடாகி, பக்கத்துச் சுற்றுகளையும் எரித்துவிடும். அதனால் திரும்பி வருவதை நினைத்து வருத்தப்படாதீர்கள், அங்கேயே மாட்டியது நல்லது. வந்த காயிலைத் தூக்கிப் போடாமல் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். எரிந்த கருப்புப் புள்ளி எந்த லேயரில், நடுவிலா ஓரத்திலா, குறித்து வையுங்கள்.

பழைய வைண்டர்:
மேலே சொன்னது சரி. நான் கை விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்துப் பக்கத்துச் சுற்றுக்கு நடுவே வோல்ட்டேஜ் ரொம்பக் குறைவு. காயிலுக்கு 240 வோல்ட் என்றால் ஒரு சுற்றுக்கு 0.15 வோல்ட்தான், அதை எந்த எனாமலும் தாங்கும். ஆனால் லேயர் திரும்பும் ஓரத்தை யோசித்துப் பாருங்கள். முதல் லேயரின் முதல் சுற்றும் இரண்டாவது லேயரின் கடைசிச் சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், நடுவே 160 சுற்று, 24 வோல்ட். ஓரத்தில் இடைவெளி விழுந்து கம்பி இன்னும் இரண்டு லேயர் கீழே வழுகினால் அது இரட்டிப்பாகும். டெஸ்டில் கொடுக்கும் பல்ஸ் இதைவிடப் பல மடங்கு. அந்தக் கம்பியில் ஒரு பக்கத்து எனாமல் 0.01 மி.மீ. அளவுதான், ஒரு கீறல் இருந்தால் போதும், முடிந்தது.

அதனால் கம்பியை இடம்வலமாக நகர்த்தும் கைடு திரும்பும் இடத்தைப் பாருங்கள். பாபின் சுவருக்கு ஒரு கம்பி தடிமன் முன்னாலேயே திரும்பினால் பள்ளம் விழும், தாண்டினால் கம்பி சுவரில் ஏறி அப்புறம் சரிந்து விழும். ஓடும்போது விரலை வைக்காமல் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம், லேயரின் மேல்பரப்பு மட்டமாக மினுங்க வேண்டும். இன்னொன்று டென்ஷன், அதாவது கம்பியை இழுத்துப் பிடிக்கும் விசை. அதிகம் வைத்தால் சுற்று அழகாகப் படியும், ஆனால் கம்பி நீளும், விட்டம் ஒரு சதவீதம் குறைந்தால் அதே நீளத்துக்கு ஓம்ஸ் இரண்டு சதவீதம் ஏறும், எனாமலும் வெடிக்கும். ஸ்பூலிலிருந்து ஒரு துண்டு, சுற்றிய காயிலிலிருந்து ஒரு துண்டு எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். கம்பி போகும் புல்லி, கண், ஸ்பூலின் விளிம்பு எல்லாவற்றையும் பஞ்சால் துடையுங்கள், பஞ்சு இழை மாட்டும் இடத்தில்தான் கம்பியும் கீறப்படுகிறது.

டெஸ்ட்பெஞ்ச்:
விட்டுப்போன ஒன்று: தொடக்க முனை. அது உள்ளேயிருந்து சுவரோரமாக எல்லா லேயரையும் தொட்டுக்கொண்டு வெளியே வருகிறது, கடைசி லேயருக்கும் அதற்கும் நடுவே மொத்த வோல்ட்டேஜும் நிற்கும். அதன்மேல் போடும் ஸ்லீவ் (காப்புக் குழாய்) அடியிலிருந்து மேல்வரை முழுசாக இருக்கிறதா பாருங்கள். எங்களிடம் ஃபெயில் ஆனவற்றில் நிறைய இதுதான்.

மெல்லியகம்பி:
ஒரு வேண்டுகோள். கம்பியை உணரக் கையுறை இடைஞ்சல் என்பார்கள், வியர்வை படக்கூடாது என்று கையுறை போடச் சொல்பவர்களும் உண்டு. காயிலை எடுத்து வைக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் சுற்றும்போது கையுறையும் தளர்ந்த சட்டைக்கையும் வேண்டவே வேண்டாம், மாட்டினால் விரலோடு இழுத்துவிடும். இதில் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

புதுக்கை:
எல்லோருக்கும் நன்றி. திரும்பி வந்த ஐந்தைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றில் கருப்புப் புள்ளி தொடக்க முனைக்குப் பக்கத்தில், மேல் லேயர்களில். நான் ஸ்லீவைச் சின்னதாக வெட்டியிருக்கிறேன், டேப் ஒட்டும்போது அது கீழே இறங்கி மேலே 3 மி.மீ. வெறும் கம்பியாக நின்றிருக்கிறது. மற்ற இரண்டிலும் புள்ளி ஓரத்தில், அதுவும் ஒரே பக்கத்து ஓரத்தில். பக்கத்து அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் பார்த்தவுடனே என் கைடு அந்தப் பக்கம் முன்னாலேயே திரும்புகிறது என்று சொல்லி ஸ்டாப்பை (கைடு திரும்பும் எல்லையை) மாற்றிக் கொடுத்தார். இன்றைக்கு 30 காயில் சுற்றினேன், ஒன்று திரும்பியிருக்கிறது. அதை எடுத்து வைத்திருக்கிறேன், நாளை பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.