ஒரு செல் மட்டும் இறங்குது, பேட்டரி பேக்கைத் திறக்கலாமா?

கானாடுகாத்தான்:
அண்ணன்மாரே, உதவி வேணும். மூணு வருஷமான எலக்ட்ரிக் கார், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. நேத்து திருச்சியிலருந்து வர்றப்ப புதுக்கோட்டையில 22 சதவீதம் காட்டுச்சு. திருமயம் கோட்டை கண்ணுல படறப்ப 4! பின்சீட்டுல அப்பத்தா வேற. பதறிப்போயிட்டேன். ஓபிடி (காரோட உள்விவரம் காட்டுற கருவி) மாட்டிப் பார்த்தா ஒரு செல் 3.02 வோல்ட், மத்ததெல்லாம் 3.20. பேக்கை இறக்கி அந்தச் செல்லுக்கு மட்டும் தனியா சார்ஜ் ஏத்தலாம்னு இருக்கேன்.

தேவகோட்டை:
வேண்டாம் தம்பி. உள்ள 300 வோல்ட்டுக்கு மேல டிசி. சர்வீஸ் பிளக்கை (பேக்கோட இணைப்பைத் துண்டிக்கிற பிளக்) பிடுங்கினாலும் செல்லுல மின்சாரம் அப்படியேதான் இருக்கும். சீல் பிரிஞ்சா ஐப்பசி மழையில தண்ணியும் இறங்கும். வீட்டுல மெதுவா 100 வரைக்கும் ஏத்தி எத்தனை நாளாச்சு?

கானாடுகாத்தான்:
ஏத்தினதே இல்லண்ணே. வீட்டுல சொருகினா ரெண்டு நிமிஷத்துல சார்ஜர்ல சிவப்பு விளக்கு எரிஞ்சு நின்னுடுது. காரைக்குடியில ஃபாஸ்ட் சார்ஜ் போட்டு 80-ல எடுத்துடுவேன்.

தேவகோட்டை:
வினையே அதுதான். எல்எஃப்பி செல் பாதி சார்ஜுல எல்லாம் 3.2, 3.3-லயே நிக்கும், வோல்ட்டை வச்சு எவ்வளவு மிச்சம்னு பிஎம்எஸ்ஸால (பேட்டரியைக் கண்காணிக்கிற சர்க்யூட்) கணிக்க முடியாது. மேல 3.65-ஐ நெருங்குறப்பதான் வித்தியாசம் தெரியும். அப்பதான் நிறைஞ்ச செல்லோட மிச்சத்தைச் சூடாக்கிக் கழிச்சு, பின்தங்கினதுக்கு வழி விடும். அதுக்கு மணிக்கணக்கா ஆகும்.

பள்ளத்தூர்:
நான் வயர்மேன். அந்தச் சிவப்பு விளக்கு பெரும்பாலும் எர்த் கோளாறு. நம்ம பக்கம் செம்புறாங்கல் பூமி, கோடையில எர்த் குழி காஞ்சு கிடக்கும். ஆளை வச்சு அளக்கச் சொல்லுங்க. சிலர் எர்த்தை நியூட்ரலோட முடிஞ்சு விடுவாங்க, அதை மட்டும் செய்ய விடாதீங்க. நியூட்ரல் அறுந்தா கார் பாடி முழுக்கக் கரண்ட் வந்துடும், தொட்டவன் கதி அவ்வளவுதான்.

கானாடுகாத்தான் (பத்து நாள் கழிச்சு):
அளந்தாச்சு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 232. பேஸுக்கும் எர்த்துக்கும் 160 தான். இரண்டாம் கட்டுக்குப் பின்னாடி குழியைத் தோண்டினா, குழாயில சுத்தியிருந்த கம்பி துருவேறி, தொட்டதும் கையோட உதிர்ந்துச்சு. புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டாச்சு. இப்ப பச்சை விளக்கு. மூணு ராத்திரி 100 வரைக்கும் ஏத்தி, விடியுற வரைக்கும் சொருகியே வச்சிருந்தேன். நேத்து 20 சதவீதத்துல பார்த்தேன்: அந்தச் செல் 3.17, மத்தது 3.20. தேவகோட்டை அண்ணே, பள்ளத்தூர் அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்பத்தா தினம் காலையில ரெண்டு குடம் தண்ணி அந்தக் குழியில ஊத்துறாங்க.