கேமரன் மலை ரிங்லெட்டில் புரோட்டான் விரா 1.5 கார்: ஹீட்டரைத் திருப்பினா குளிர் காத்துதான் வருது

தேயிலைமேடு:
காடி விரா 1.5 மேனுவல், கீழ தாப்பாவில செகண்ட் ஹேண்டா வாங்கினது. காலையில கண்ணாடி உள்பக்கம் முழுக்கப் பனி படிஞ்சிடுது. ஹீட்டரைச் சிவப்புப் பக்கம் முழுசாத் திருப்பினாலும் சில்லுனுதான் வருது. புளோவர் எல்லா ஸ்பீடும் ஓடுது, ஏர்கோனும் நல்லா இருக்கு. டெம்பரேச்சர் முள் கால்வாசியைத் தாண்டுறதில்ல, தாப்பா ரோட்டுல இறங்கும்போது அடியிலேயே படுத்துடுது. ஹீட்டர் கோர் (என்ஜின் சுடுதண்ணி ஓடிக் காத்தைச் சூடாக்குற சின்ன ரேடியேட்டர்) போச்சு, டேஷ்போர்டு முழுசா இறக்கணும்னு பட்டறைப் போமன் சொல்றார். செய்யலாமா?

கொண்டைஊசி59:
டேஷ்போர்டுல கையே வைக்க வேணாம் அண்ணே. முள் அடியில படுக்குதுன்னு சொன்னீங்களே, பாதி பதில் அதுலயே இருக்கு. தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கிற வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கணும், இல்லன்னா உள்ள தெர்மோஸ்டாட்டே இருக்காது. ரெண்டாவதுக்குத்தான் என் ஓட்டு. "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டிக் கடாசுறது கீழ பல பட்டறையில வழக்கம். வெளிய 32 டிகிரி இருந்தா என்ன, என்ஜினுக்கு வேண்டியது 85, 90. தெர்மோஸ்டாட் இல்லாம தண்ணி எந்நேரமும் ரேடியேட்டரைச் சுத்திக்கிட்டே இருக்கும். இறக்கத்துல கியர்ல விட்டு வரும்போது என்ஜின் சூடே உண்டாக்காது, காத்து மட்டும் அடிக்கும். அப்புறம் ஹீட்டருக்கு எங்கிருந்து சூடு வரும்? பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

காலையில என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. ரொம்ப நேரம் சில்லுனே இருந்து, அப்புறம் சட்டுனு சூடேறினா தெர்மோஸ்டாட் வேலை செய்யுது. ஆரம்பத்துல இருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானா இல்லைனு அர்த்தம்.

பழையஸ்பேனர்:
அதோட, ஃபயர்வால்ல (என்ஜினுக்கும் உள் இருக்கைக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஹீட்டருக்குள்ள போற ரெண்டு ரப்பர் ஹோஸையும் பாருங்க. கோர் ஒழுகினா மாத்தாம, ஹோஸை வளைச்சு ஒண்ணோட ஒண்ணு மாட்டிவிட்டுடுவாங்க. அப்படி இருந்தா ஹீட்டருக்குத் தண்ணியே போகாது. (ஹோஸே இல்லன்னா அந்தக் காடிக்கு ஹீட்டரே கிடையாது. இங்க வித்த சின்னக் காடி பலதும் அப்படித்தான்.)

ஹோஸ் ஒழுங்கா இருந்தா, இருபது நிமிஷம் ஓட்டிட்டு ரெண்டையும் தொடுங்க, ஃபேன்ல கை படாம. ரெண்டுமே கொதிச்சா கோர்ல குறையில்ல, உள்ள காத்தைத் திருப்புற கதவோ அதோட கேபிளோ கழண்டிருக்கும். ஒண்ணு கொதிச்சு இன்னொண்ணு சில்லுனு இருந்தா கோர் அடைப்பு, இல்ல ஹோஸ் நடுவுல வால்வு உள்ள மாடல்னா அது மூடியிருக்கு. பைப் தண்ணியே ஊத்தி ஓட்டின காடியில துரு சேத்து மாதிரி கோர்ல படிஞ்சிருக்கும். ரெண்டுமே வெதுவெதுப்புன்னா முதல்ல தண்ணி மட்டம், அதுவும் சரின்னா தெர்மோஸ்டாட்.

தேயிலைமேடு:
பார்த்தேன். ஹோஸ் வளைச்சு மாட்டலை. ரெண்டுமே வெதுவெதுப்புதான், தாராளமாப் பிடிச்சுக்கிட்டே இருக்கலாம். மேல் ஹோஸும் முதல்ல இருந்தே மெல்லத்தான் சூடேறுது. ரேடியேட்டர்ல தண்ணி செம்மண் கலர்.

கொண்டைஊசி59:
அப்போ தெர்மோஸ்டாட்தான். புதுசு ஒண்ணும் கேஸ்கெட்டும் வாங்குங்க. 82 இல்லன்னா 88னு அதும்மேலேயே பொறிச்சிருக்கும், உங்க என்ஜினுக்கு எதுன்னு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேட்டு அதையே வாங்குங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி சட்டியில தண்ணி கொதிக்க வச்சுப் போட்டுப் பார்க்கலாம், ஆனா ரிங்லெட்ல ஒரு சங்கதி இருக்கு. 1,100 மீட்டருக்கு மேல தண்ணி சுமார் 96 டிகிரியிலேயே கொதிச்சிடும். 88 போட்ட தெர்மோஸ்டாட் முழுசாத் திறக்கக் கிட்டத்தட்ட 100 வேணும். அதனால சட்டியில முக்கால்வாசி திறந்து நின்னா கடையில திருப்பிக் கொடுத்துடாதீங்க. திறக்குது, ஆறினா மூடுது, அது போதும்.

ஸ்பிரிங் பக்கம் என்ஜினைப் பார்த்து, ஆடுற சின்ன ஊசி மேல் பக்கம். பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாச் சுரண்டுங்க. தெர்மோஸ்டாட் மேல வர்ற மூடி அலுமினியம், போல்ட்டை மாத்தி மாத்தி அளவாத்தான் முறுக்கணும்.

பழையஸ்பேனர்:
செம்மண் கலர்னா துரு. தெர்மோஸ்டாட் மாட்டுறதுக்கு முன்னாடியே கோரைக் கழுவிடுங்க. ரெண்டு ஹோஸையும் கழட்டி, தண்ணி வெளிய வர்ற பக்கத்துல தோட்டத்து ரப்பர் குழாயை வச்சு எதிர்த்திசையில விடுங்க. குழாயை முழுசாத் திறந்துடாதீங்க, பழைய கோர் மூட்டு விட்டுடும். தெளிஞ்சு வர்ற வரைக்கும் திசையை மாத்தி மாத்தி விடணும். கக்கூஸ் கழுவுற ஆசிட் ஊத்தச் சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அலுமினியத்தை அரிச்சு ஓட்டை போட்டுடும்.

ரொப்பும்போது கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. மொத்தம் 5, 6 லிட்டர் பிடிக்கும். இங்க உறையாது, துருவுக்காகத்தான். மூக்கு மேல இருக்கிற மாதிரி ஏத்தத்துல நிறுத்துங்க (நம்ம ஊர்ல இதுக்குப் பஞ்சமில்ல), ஹேண்ட்பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைங்க. ஹீட்டர் முழுச் சிவப்பு, ரேடியேட்டர் மூடி திறந்தபடி, மெதுவா ஊத்துங்க. ஸ்டார்ட் பண்ணிக் குமிழி நிக்கிற வரைக்கும் ரொப்பிக்கிட்டே இருந்து மூடுங்க. அப்புறம் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கணும். முழுசா ஆறின பிறகு மட்டம் பார்த்து ஊத்துங்க. சூட்டுல மூடியைத் திறந்தா முகத்துல அடிச்சிடும். டேஷ்போர்டுக்குப் பின்னாடி களக் களக்னு சத்தம் கேட்டா இன்னும் காத்து இருக்கு.

கொண்டைஊசி59:
ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டர் அடைச்சு, சூடு ஏறினதாலதான் தெர்மோஸ்டாட்டை முதல்ல கழட்டியிருப்பாங்க. புதுசு மாட்டினதும் அந்தப் பழைய நோய் வெளிய வரும். முதல் தடவை தாப்பாவில இருந்து ஏறி வரும்போது முள்ளையே பார்த்து ஓட்டுங்க. பாதியைத் தாண்டினா ஓரம் கட்டுங்க. குற்றம் தெர்மோஸ்டாட்டுல இல்ல, ரேடியேட்டரையும் ஃபேனையும் பார்க்கணும்.

பழையஸ்பேனர்:
கண்ணாடிப் பனிக்கு ஹீட்டரும் ஏர்கோனும் சேர்த்தே போடுங்க. ஏர்கோன் ஈரத்தை இழுக்கும், ஹீட்டர் அந்தக் காத்தைச் சூடாக்கும். காத்து வெளியில இருந்து உள்ள வர்ற மாதிரி வைங்க, சுத்துற மோட்ல வேணாம். துடைச்சா எண்ணெய்ப் பிசுக்கா இருந்து, பக்கத்து சீட்டுக் கால்மிதியும் ஈரமா இருந்தா அப்போ கோர் ஒழுகுதுன்னு அர்த்தம். ஏர்கோன் தண்ணின்னா தெளிவா, பிசுக்கில்லாம இருக்கும். புதுக் கூலன்ட் ஊத்தின பிறகு பாருங்க, கலர் காட்டிக் கொடுத்துடும்.