மீன் தலைக்குள் இருக்கும் கல்: நம் பக்கத்து அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து

எங்கள் வீட்டில் கடல் மீன் என்றால் கருவாடுதான். சந்தையில் வாங்கி வரும் கத்தாழைக் கருவாட்டின் தலையைப் பாட்டி குழவியால் ஒரு தட்டு தட்டுவார். வெள்ளை வெளேரென்று இரண்டு கல் உதிரும். "மூளைக்கல்லு கண்ணு, சோத்துல கெடந்தா பல்லு போயிரும்" என்று பொறுக்கி என் கையில் கொடுப்பார். நான் அவற்றைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்தேன். அது மூளைக்கல் இல்லை, காதுக்கல் என்று எம்.எஸ்சி. விலங்கியல் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

மீனுக்கு வெளியே தெரிகிற காது கிடையாது. மண்டையோட்டுக்குள், மூளையை ஒட்டி, இரண்டு பக்கமும் உட்காது இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று கல்: சாஜிட்டா, லாப்பில்லஸ், ஆஸ்டரிஸ்கஸ். பெரும்பாலான கடல் மீன்களில் சாஜிட்டாதான் பெரியது. பாட்டி கொடுத்தது அதைத்தான். மீனின் சதைக்கு ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். அதனால் சத்தம் வரும்போது நீரோடு சேர்ந்து உடம்பும் ஆடும். கல் சுண்ணாம்பு, கனமானது, அது கொஞ்சம் பின்தங்கும். அப்போது கல்லை ஒட்டியிருக்கும் நுண்மயிர்கள் வளையும். மீன் கேட்பது அப்படித்தான். இது புரிந்த நாளில் ஊருக்கு வந்து பழைய தீப்பெட்டியைத் தேடினேன். கற்கள் அப்படியே இருந்தன.

ப்ராஜெக்ட்டுக்காகத் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் மூன்று வாரம் இருந்தேன். ஆழ்கடல் இறாலுக்குப் போகும் விசைப்படகுகள் 200 மீட்டருக்குக் கீழே மடிவலை இழுக்கின்றன. இறாலோடு ஏறி வரும் மற்ற உயிர்கள் கழிவு மீன் குவியலில் விழும். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குவியலில்தான் இருந்தது. ஆனால் முதல் வாரம் அழுகையே வந்துவிட்டது. படத்தில் பார்த்த மாதிரி ஒரு மீன்கூட இல்லை. மேலே வர வர நீரின் அழுத்தம் குறைந்து, காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியே வெளியே வந்திருந்தது. கண் பிதுங்கியிருந்தது. மடியில் உரசிச் செதில் போயிருந்தது. பாதி மீன்களுக்கு வாலே இல்லை. நிறத்தைச் சொல்லவே வேண்டாம், ஐஸ் பெட்டியில் எல்லாம் ஒரே சாம்பல்.

ஒரு நாள் கூடையில் இரண்டு மீன் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டுக்கும் தலை பெரியது, உடம்பு சாட்டை மாதிரிப் பின்னால் மெலிந்துகொண்டே போகும். இரண்டையுமே எலிவால் மீன் என்று நோட்டில் எழுதினேன். அங்கே மீன் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன், "தங்கச்சி, தலையத் தடவிப் பாருங்க. ஒண்ணு கரகரன்னு இருக்கும், ஒண்ணு வழவழன்னு இருக்கும்" என்றார். பெயர் தெரியாத மீனை அவர் கையாலேயே பிரித்து வைத்திருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

தடவினேன். முதலாவதில் மூக்கு நுனியில் தொடங்கி, கண்ணுக்குக் கீழாகக் கன்னத்தின் பின்மூலை வரை கெட்டியான ஒரு மேடு ஓடியது. வாய் தலைக்கு அடியில் இருந்தது. தாடையில் சின்ன மீசை ஒன்று. முதுகின் முதல் துடுப்பு தனியாக, உயரமாக நின்றது. வயிற்றில் ஆசனவாய்க்கு முன்னால் செதில் இல்லாத ஒரு கறுப்புத் திட்டு, அதுதான் அந்த மீனின் ஒளி உறுப்பு. இவ்வளவும் சேர்ந்தால் உண்மையான எலிவால் குடும்பத்துக்குள் வரும் சீலோரிங்கஸ் என்ற பேரினம். இரண்டாவதற்கு மீசை இல்லை, மேடு இல்லை. முதுகுத் துடுப்பு பிடரிக்குப் பின்னே தொடங்கி வால் வரை ஒரே ஓட்டமாகப் போய்ச் சேர்ந்தது. வயிற்றுத் துடுப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நூல் மாதிரி இழைகள், அதுவும் செவுள் மூடிக்கு அடியில், தொண்டைப் பக்கம். இது கஸ்க் ஈல் குடும்பம். பெயரில் ஈல் இருந்தாலும் விலாங்குக்கும் அதற்கும் உறவு இல்லை.

பிறகு கல்லை எடுத்தேன். செவுளை நீக்கிவிட்டு மண்டையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் இரண்டு புடைப்பு தெரியும். கத்தியை அழுத்தக் கூடாது, நுனியால் மெல்ல நிமிண்டினால் போதும். கல்லின் உட்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். நரம்பு முனைகள் உள்ள மெத்தை அந்தப் பள்ளத்தில்தான் பொருந்துகிறது. அடையாளம் எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. எலிவால் மீனின் கல்லில் அந்தப் பள்ளம் நடுவில் இறுகி, முன்பாதியும் பின்பாதியும் ஏறக்குறைய ஒரே அளவில், மூக்குக் கண்ணாடியின் இரண்டு வட்டம் போல இருந்தது. கஸ்க் ஈல் கல்லில் முன்பாதி நீளமாக, பின்பாதி சின்னதாக, விளிம்பைத் தொடாமலே முடிந்துவிட்டது. லென்ஸ் வழியாக அதைப் பார்த்தபோது கை நடுங்கியது. வாலும் செதிலும் போன மீனுக்குள் அதன் குடும்பம் இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தது.

ஒரு பெரிய தவறும் நடந்தது. முதல் வாரத் தலைகளை எல்லாம் வழக்கம் போல ஃபார்மலினில் போட்டு ஊருக்கு எடுத்து வந்தேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் கல் சுண்ணாம்புப் பொடி மாதிரி, பள்ளமும் இல்லை, விளிம்பும் இல்லை. ஃபார்மலின் நாள்படப் புளித்து அமிலமாகும், அமிலம் கல்லைத் தின்றுவிடும். பதினேழு தலைகள் போயின. தலையை வைக்க வேண்டும் என்றால் எத்தனாலில் வையுங்கள். கல் மட்டும் போதும் என்றால் கழுவி, உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். பாட்டியின் தீப்பெட்டி சரியான முறைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லை மட்டும் வைத்து இனப்பெயர் வரை போகாதீர்கள். குடும்பம் தெரியும், பல நேரம் பேரினமும் தெரியும். குட்டி மீனின் கல்லும் வளர்ந்த மீனின் கல்லும் ஒன்று போல இருக்காது. தலை மேடு, பல், செதில், துடுப்புக் கதிர் எண்ணிக்கை என எல்லாம் சேர்ந்துதான் இனம்.

ஒகேனக்கல்லிலிருந்து

நான் அருவிக்குப் போகும் வழியில் மீன் கழுவி வெட்டித் தருபவன். அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரோகு, கட்லா தலை பத்துக்கு மேல் பிளந்து பார்த்தேன். மூளைக்கு அடியில் வெள்ளைக் கல் எதுவும் இல்லை. பின்னால், தொண்டைக்கு மேலே கொம்பு மாதிரி ஒரு தட்டை இருந்தது. அதைக் காதுக்கல் என்று நினைத்து மூன்று நாள் காய வைத்தேன். என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கல்லே இல்ல, நகம் மாதிரி வளையுது" என்றாள். சரி, கெண்டைக்குக் காதுக்கல்லே கிடையாதா?

பாலக்கோட்டிலிருந்து

இருக்கிறது அண்ணா. நீங்கள் எடுத்தது கெண்டை மென்று அரைக்கும் தட்டை. கெண்டைக்கு வாயில் பல் இல்லை, தொண்டையில்தான் பல். அந்தப் பல் இந்தத் தட்டையோடு மோதித்தான் இரை அரைபடும். உங்கள் மகள் வளைத்துப் பார்த்தது நல்ல சோதனை, காதுக்கல் வளையாது, உடையும்.

கெண்டை, கெளுத்தி வகைகளில் கணக்கே வேறு. சாஜிட்டா ஊசி போல மெலிந்திருக்கும், எடுக்கும்போதே முறிந்துவிடும். கெண்டையில் பெரியது ஆஸ்டரிஸ்கஸ், மண்டையின் பின்கோடியில், நீங்கள் எடுத்த தட்டைக்குச் சற்று மேலே தேடுங்கள். கெளுத்தியில் பெரியது லாப்பில்லஸ். இந்த இரண்டு கூட்டத்திலும் காற்றுப்பையிலிருந்து காதுக்குச் சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலியாகப் போய் அதிர்வைக் கொண்டு சேர்க்கும். பரிசல் துடுப்பு நீரில் படும் சத்தம் காவிரிக் கெண்டைக்கு எட்டுவது அந்த வழியில்தான்.

ஓசூரிலிருந்து

என் அனுபவம் மீனைத் தொட்டது இல்லை, படித்ததுதான். ஆனால் இந்தப் பேச்சில் அகந்தோனஸ் ஆர்மாட்டஸ் என்ற ஆழ்கடல் மீனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதுவும் கஸ்க் ஈல் குடும்பம்தான். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் பிடித்து வந்த மீன்களிலிருந்து விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் 1878இல் இதற்குப் பெயர் வைத்தார். 1,000 மீட்டருக்கும் கீழே வாழ்வது. மூக்கு நுனியில் கெட்டியான முள், செவுள் மூடியிலும் முள், தலை முழுக்க ஆயுதம். பின்னால் உடம்போ தொளதொளவென்று இருக்கும். ஆர்மாட்டஸ் என்றால் ஆயுதம் தரித்தது.

அதன் மண்டைக்குள் பார்த்தவர்களுக்குத்தான் வியப்பு. உடம்பு எடையோடு ஒப்பிட்டால் முதுகெலும்புள்ள உயிர்களிலேயே மிகச் சிறிய மூளை இதற்கு என்கிறார்கள். மண்டையோட்டில் மூளை ஒரு மூலையில், மற்ற இடமெல்லாம் நீர். ஆனால் காதின் அரைவட்டக் கால்வாய்கள் மிகப் பெரியவை. உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணர்பவை அவை. இருட்டில் அசையாமல் மிதக்கும் ஒரு மீனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய சமநிலை உறுப்பு என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

நம் வங்காள விரிகுடாவின் ஆழ்கடல் மீன்களை 1880களின் கடைசியிலிருந்து இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பலில் போய்ச் சேகரித்தவர் ஆல்காக் என்ற மருத்துவர். அவர் எழுதிய விவரிப்புகளிலும் தலையின் மேடு, முள், மீசைதான் பக்கம் பக்கமாக வருகின்றன. தூத்துக்குடி அண்ணன் கையால் தடவிச் சொன்னதும் அதேதான்.

கிருஷ்ணகிரி அணைப் பக்கத்திலிருந்து

நேற்று அணை மீன் கடையில் கெளுத்தித் தலை இரண்டு கேட்டு வாங்கினேன். குழம்புக்கா என்று கேட்டார்கள். காதுக்கு என்றேன், புரியவில்லை, அப்புறம் அங்கேயே உட்கார்ந்து பிளந்து காட்டினேன். முதல் தலையில் கத்தி வழுக்கி ஒன்று உடைந்துவிட்டது. இரண்டாவதில் இரண்டும் முழுசாக வந்தன, அரைப் பருப்பு அளவு, ஒரு பக்கம் உப்பல். கடைக்கார அக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வாளைத் தலை வந்தால் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.