வீட்டுக்கு வரும் வேண்டாத தபாலை எப்படி நிறுத்துவது?

கேள்வி:
பெங்களூரு அல்சூரில் வாடகைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தபால் பெட்டியைத் திறந்தால் கடன் விளம்பரம், மனை விற்பனை நோட்டீஸ், அப்புறம் முன்பு குடியிருந்தவர் பெயரில் கட்டுக்கட்டாகக் கவர்கள். போன வாரம் இந்தக் குப்பைக்கு நடுவில் அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சிக்கி, மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது, மனசே ஆறவில்லை. 1909 என்ற எண்ணில் டிஎன்டி ('தொந்தரவு செய்யாதீர்கள்') பதிவு செய்தும் பலனில்லை. என்னதான் வழி?

பதில் 1:
1909 அழைப்புக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் மட்டும்தாங்க, காகிதத்துக்கு இல்லை. பழைய குடித்தனக்காரரின் கவரைப் பிரிக்காதீர்கள். முகவரி மேல் ஒரு கோடு போட்டு, 'லெஃப்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி போஸ்ட்மேனிடமே திருப்பிக் கொடுங்கள். நான் விடாமல் செய்தேன், இரண்டு மாதத்தில் நன்றாகக் குறைந்தது.

பதில் 2:
எங்கள் வீட்டில் பெரிய பாரம் கம்பெனிகளின் ஆண்டறிக்கைப் புத்தகங்கள்தான். அப்பா பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கில் மின்னஞ்சலைப் பதிந்ததும் அவை மெயிலில் வர ஆரம்பித்தன. வங்கி ஸ்டேட்மென்டையும் அப்படியே மாற்றுங்கள். நாளிதழுக்குள் செருகி வரும் நோட்டீசுக்கு, பேப்பர் போடும் பையனைக் கேட்டுப் பயனில்லை, பாவம் அவன் என்ன செய்வான், ஏஜென்டிடம் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. நாளைக்கே போஸ்ட்மேனைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன், பதினோரு கவர் இருக்கிறது.