யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம்: ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் வேறுபாடுகளை 9-ஆம் வகுப்பில் எப்படி நடத்துவது?

வைகைக்கரை கேட்டது:

மதுரையில் அரசு உதவி பெறும் பள்ளி. 9-ஆம் வகுப்பு, 48 பேர். சமூக அறிவியலோடு சேர்த்து மூன்று பாடவேளை கிடைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் 45 நிமிடம். எல்லாப் பாடமும் "யூதர்கள் இப்படி நம்புவார்கள், கிறிஸ்தவர்கள் அப்படி, முஸ்லிம்கள் இப்படி" என்று மூன்று டப்பாவில் அடைத்துவிடுகிறது. ஆனால் வகுப்பிலேயே ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பிள்ளைகள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகள், பெந்தெகொஸ்தே பிள்ளைகள், முஸ்லிம்களில் ஹனஃபி, ஷாஃபி என்ற சட்ட மரபுகளைச் சேர்ந்தவர்கள் என்று இருக்கிறார்கள். ஒரு டப்பாவுக்குள் அவர்கள் அடங்கமாட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். யூதர் ஒருவரும் இல்லை. சண்டையும் வரக்கூடாது, பாடம் சப்பென்றும் இருக்கக்கூடாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சாக்பீஸ் எழுதியது:

கொள்கையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பலகையில் நான்கு பெயர் எழுதுங்கள்: விரால், கெளுத்தி, இறால், நண்டு. நான்கும் பிள்ளைகள் மீன் மார்க்கெட்டில் பார்த்தவைதான். "யார் எதைச் சாப்பிடுவார்கள்?" என்று ஒரே கேள்வி.

பழைய விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் யூத ஆர்த்தடாக்ஸ் மரபில் துடுப்பும் செதிளும் இரண்டும் இருக்க வேண்டும். விரால் சரி. கெளுத்திக்குத் துடுப்பு உண்டு, செதிள் இல்லை, ஆகவே கூடாது. இறாலும் நண்டும் கூடாது. ரிஃபார்ம் யூத மரபு இதை அவரவர் முடிவுக்கு விடுகிறது. ஷியா முஸ்லிம்களின் ஜஅஃபரி சட்ட முறையிலும் செதிள் கணக்கு உண்டு. கெளுத்தி கூடாது, நண்டு கூடாது, ஆனால் இறால் கூடும். ஹனஃபி முறையில் கெளுத்தி கூடும், இறாலும் நண்டும் கூடாது. கத்தோலிக்கருக்கு நான்கும் சரி. தவக்கால வெள்ளிக்கிழமை இறைச்சியைத்தான் விடுவார்கள், மீனை அல்ல. அதே கிறிஸ்தவத்துக்குள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் பைபிளின் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தைப் பின்பற்றி விராலோடு நின்றுகொள்வார்கள்.

20 நிமிடத்தில் ஒன்று புரிந்துவிடும்: ஓர் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவரின் தட்டு, இந்த விஷயத்தில், கத்தோலிக்கரின் தட்டைவிட ஆர்த்தடாக்ஸ் யூதரின் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோடு மதத்துக்கும் மதத்துக்கும் நடுவே மட்டும் ஓடவில்லை. இதை நீங்கள் சொல்ல வேண்டாம், பலகையைப் பார்த்து அவர்களே சொல்லட்டும்.

ஒரு வார்த்தை விஷயம். "பிரிவு" என்று சொல்லாமல் "மரபு" என்று சொல்லுங்கள். நம்மூரில் பிரிவு என்றால் பிள்ளைகளின் காதில் சாதி என்றுதான் விழும். "ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா" என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி எதுவென்று எல்லோருக்கும் தெரியும்.

காஜிமார் தெரு எழுதியது:

சாக்பீஸ் சார் சொன்னதில் ஒரு திருத்தம். இறால் ஹனஃபி முறையில் "கூடாது" என்று ஒரேயடியாக எழுதிவிடாதீர்கள். அந்த முறையில் கடல் பிராணிகளில் மீன் மட்டுமே கூடும். இறால் மீன்தானா என்பதில் ஹனஃபி உலமாக்களிடையே (மார்க்க அறிஞர்களிடையே) இரண்டு கருத்து. கூடும் என்பவர்களும் உண்டு, தவிர்ப்பவர்களும் உண்டு. நண்டு விஷயத்தில் ஷாஃபி நூல்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அந்தக் கட்டங்களில் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறி போட்ட கட்டம்தான் நல்ல பாடம் நடத்தும்.

இஸ்லாத்துக்கு நிழலை வைத்து ஒரு செய்முறை. அஸர் என்ற பிற்பகல் தொழுகையின் நேரம் எப்போது தொடங்குகிறது? ஷாஃபி, மாலிகி, ஹன்பலி முறைகளில் ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழலைக் கழித்து, அதன் உயரத்துக்குச் சமமாகும்போது. ஹனஃபியில் பரவலாக நடைமுறையில் உள்ள கருத்துப்படி இரண்டு மடங்காகும்போது. மைதானத்தில் 1 மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நடுங்கள். சாய்ந்தால் கணக்கு கெட்டுவிடும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். செய்ய நல்ல சமயம் ஆகஸ்ட் கடைசி வாரம். சூரியன் அப்போது மதுரைக்கு உச்சியில் வரும், 12.20 வாக்கில் நிழல் கிட்டத்தட்ட இருக்காது, கழிக்க வேண்டிய வேலையே இல்லை. நிழல் 100 செ.மீ. தொடும்போது மணி 3.20 போல இருக்கும். 200 செ.மீ. வருவதற்கு 4.35 ஆகிவிடும். மார்ச் 21 வாக்கில் செய்தால் நண்பகல் நிழல் 17, 18 செ.மீ. வரும், அதைக் கூட்டி 118, 218 என்று அடையாளம் வையுங்கள்.

ஒரே நகரத்தில் இரண்டு பள்ளிவாசலில் அஸர் பாங்கு வெவ்வேறு நேரத்தில் கேட்பதற்குக் காரணம் கடிகாரக் கோளாறு இல்லை என்பது அந்தக் குச்சியில் தெரிந்துவிடும். தமிழகத்தில் கடற்கரைப் பக்கம், கீழக்கரை காயல்பட்டினம் போன்ற ஊர்களில், ஷாஃபி அதிகம். உள்நாட்டில் ஹனஃபி அதிகம். ஆனால் ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்பவை சமூகப் பெயர்கள், மத்ஹபின் (சட்ட மரபின்) பெயர்கள் அல்ல. மாணவர்கள் இரண்டையும் குழப்புவார்கள், சில ஆசிரியர்களும்தான்.

சுன்னி, ஷியா என்றதும் போர்ப் படம் வரைய வேண்டாம். 632-இல் நபியவர்கள் மறைந்த பிறகு சமூகத்தை வழிநடத்துவது யார் என்ற கேள்வி, 680-இல் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலா, இரண்டும் போதும். உலக முஸ்லிம்களில் ஷியாக்கள் சுமார் 10 முதல் 13 சதவீதம். மொஹரம் பற்றிப் பேசும்போது திருப்புவனம் பக்கம் முதுவன்திடலில் நடக்கும் பூக்குழியை யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அதை ஷியா வழக்கம் என்று பதிவு செய்துவிடாதீர்கள், அங்கே அதை நடத்துவது இந்துக்கள். தர்கா பற்றியும் கேள்வி வரும். கோரிப்பாளையம் தர்காவுக்குப் போகிறவர்களும் முஸ்லிம்கள், தர்கா வழிபாடு கூடாது என்கிற தவ்ஹீத் சிந்தனையுள்ளவர்களும் முஸ்லிம்கள். "யார் சரி?" என்று கேட்டால், "இன்னார் இன்ன காரணம் சொல்கிறார்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

நபியின் உருவத்தை எந்தக் காரணத்துக்காகவும் வரையச் சொல்லாதீர்கள், கார்ட்டூனாகவோ முகமில்லாமலோ கூட வேண்டாம். குர்ஆன் பிரதியைத் தரையில் வைக்க வேண்டாம். வகுப்பில் காட்ட மொழிபெயர்ப்பின் ஒரு பக்க நகல் போதும்.

நரிமேடு வாசகர் எழுதியது:

மீன் நல்ல தொடக்கம். அதோடு நின்றால் மதம் என்றாலே சமையல் விதி என்று ஆகிவிடும். இரண்டாவது பாடவேளைக்குப் பத்துக் கட்டளையை எடுங்கள்.

கேள்வி: "கொலை செய்யாதே" எத்தனையாவது கட்டளை? ஆர்.சி. பிள்ளை ஐந்தாவது என்று சொல்லும். சி.எஸ்.ஐ. பிள்ளை ஆறாவது என்று சொல்லும். இரண்டு பேரும் ஞாயிறு வகுப்பில் ஒழுங்காகப் படித்தவர்கள்தான். யாத்திராகமம் 20:2-17-ஐ எண் போடாமல் தாளில் அடித்து, நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள், 48 பேருக்கு 12 தாள். பத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள், 10 நிமிடம். பத்து வராது. பன்னிரண்டு, பதினொன்று என்று வரும். ஏனென்றால் மூலத்தில் எண் கிடையாது.

அப்புறம் விடை. யூத மரபில் "நானே உன் தேவனாகிய கர்த்தர்" என்ற வாக்கியமே முதலாவது. வேறு தெய்வம் கூடாது, உருவம் கூடாது இரண்டும் சேர்ந்து இரண்டாவது. கத்தோலிக்கர் இவற்றையெல்லாம் முதல் கட்டளைக்குள் அடக்கி, கடைசியில் இச்சையை இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புகிறார்கள். சி.எஸ்.ஐ. உள்ளிட்ட பல புராட்டஸ்டண்ட் சபைகளில் உருவம் கூடாது என்பது தனியாக இரண்டாவது. இதில் ரசமான இடம் லுத்தரன். அவர்கள் புராட்டஸ்டண்ட், ஆனால் எண்ணிக்கை கத்தோலிக்கர் மாதிரி. வகுப்பில் தமிழ் லுத்தரன் பிள்ளை இருந்தால் ஐந்தாவது என்று சொல்லும், "கத்தோலிக்கர் இப்படி, மற்றவர் அப்படி" என்று நீங்கள் போட்ட கோடு அங்கேயே அழிந்துவிடும். அழியட்டும்.

வேதாகமப் புத்தக எண்ணிக்கையும் அப்படித்தான். கத்தோலிக்கருக்கு 73, புராட்டஸ்டண்டுக்கு 66. யூதர்களின் வேதமான தனாக் 24 நூல். புராட்டஸ்டண்ட் பழைய ஏற்பாடு 39 நூல். உள்ளடக்கம் ஒன்றே, அடுக்கும் எண்ணும் விதமும்தான் வேறு. "பழைய ஏற்பாடு" என்ற பெயர் கிறிஸ்தவர்களுடையது. யூதருக்கு அது பழையதும் இல்லை, ஏற்பாட்டின் முதல் பாதியும் இல்லை.

நேரில் பார்க்க வேண்டுமானால் ஒரே காலையில் இரண்டு இடம்: கீழவெளி வீதி தூய மரியன்னை பேராலயம், நரிமேடு சி.எஸ்.ஐ. பேராலயம். ஞாயிறு வேண்டாம். கத்தோலிக்கப் பங்குத்தந்தைக்கும் சி.எஸ்.ஐ. ஆயருக்கும் ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள், 16 பேராக மூன்று குழு. எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் ஒன்றையும் பார்க்கமாட்டார்கள். மூன்றே கேள்வி: சிலுவையில் உருவம் இருக்கிறதா? எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு எங்கே, எதன் பக்கத்தில்? சுரூபங்கள் எத்தனை? கத்தோலிக்க ஆலயத்தில் அந்த விளக்கு நற்கருணைப் பேழைக்கு அருகே இருக்கும். காரணத்தை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். சொற்களும் மாறும்: கத்தோலிக்க ஆலயத்தில் திருப்பலி, சி.எஸ்.ஐ.யில் ஆராதனை, அங்கே திருமுழுக்கு, இங்கே ஞானஸ்நானம், தவக்காலம், லெந்து காலம்.

சி.எஸ்.ஐ. பற்றி ஒரு வரி கட்டாயம். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிகன், மெதடிஸ்ட், ஏற்கெனவே 1908-இல் ஒன்றாகியிருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து உண்டானது அது. சபைகள் பிரிந்துகொண்டே போகும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள், சேர்வதும் உண்டு.

வைகைக்கரை எழுதியது:

நன்றி. நிழல் செய்முறையை ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம் பாக்கி. யூதம் வகுப்பில் யாருக்குமே பரிச்சயம் இல்லை, அதை எப்படித் தொடுவது? பெற்றோர் யாராவது "மதப் பிரசாரம்" என்று வந்து நின்றால்?

மாட்டுத்தாவணி எழுதியது:

யூதத்தில் முதல் பிழை, பைபிளில் நிறுத்திவிடுவது. இயேசு காலத்து யூதக் குழுக்களான பரிசேயர், சதுசேயர் என்று முடித்தால் 2,000 ஆண்டு காணாமல் போய்விடும். இரண்டாவது பிழை, இஸ்ரேல் அரசியல். கேள்வி வரும், "யூத மதம் வேறு, இஸ்ரேல் அரசு வேறு, இன்றைக்குப் பாடம் முதலாவது" என்று பலகையில் ஓரமாக எழுதி வைத்துவிடுங்கள். மூன்றாவது, இயேசுவைக் கொன்றவர்கள் என்ற பேச்சு. யூதர்கள் எல்லோர் மீதும் அந்தப் பழியைச் சுமத்தக்கூடாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே அறிவித்துவிட்டது.

கொச்சியிலிருந்து தொடங்குங்கள். மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டியது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் தீட்டியவை. அங்கேயே மலபாரி யூதர், பரதேசி யூதர் என்று இரண்டு சமூகம் இருந்தது, தனித்தனி ஜெப ஆலயம். மகாராஷ்டிரத்தில் பெனே இஸ்ராயேல், கொல்கத்தாவிலும் மும்பையிலும் பாக்தாதி யூதர். இந்தியாவுக்குள்ளேயே இவ்வளவு. சுற்றுலாவாகப் போவதானால் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாளும் தவிருங்கள், அடைத்திருக்கும்.

வகுப்பறைக்கு ஒரே கேள்வி போதும்: பஸ்கா என்ற யூதப் பண்டிகை நாட்களில் சோறு சாப்பிடலாமா? கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியத்தில் புளித்த எதுவும் அந்த நாட்களில் யாருக்கும் ஆகாது. அரிசியும் பருப்பும் அந்த ஐந்தில் இல்லை. ஆனாலும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி ஆர்த்தடாக்ஸ் யூதர் அவற்றையும் தவிர்ப்பார்கள். ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதர் பலர் சாப்பிடுவார்கள். அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூத இயக்கம் 2015-இல் அஷ்கெனாசிகளுக்கும் அனுமதி கொடுத்தது. சாம்பார் சாதம் அப்போது செபார்டி வீட்டில் சரிதானே என்று ஒரு பிள்ளை கேட்கும். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும்.

பெற்றோர் விஷயம்: அரசியலமைப்பு பிரிவு 28(3)-ஐப் படித்துக்கொள்ளுங்கள். உதவி பெறும் நிறுவனத்தில் சம்மதம் இல்லாமல் யாரையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்க முடியாது. மைனர் என்றால் பாதுகாவலர் சம்மதம் வேண்டும். நீங்கள் செய்வது மதத்தைப் பற்றிய பாடம், மதபோதனை அல்ல. அந்தக் கோடு வகுப்பில் தெரிய வேண்டும். வுளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்து காட்டச் சொல்வது, நற்கருணை வாங்குவதை நடித்துக் காட்டுவது, எல்லோரும் கண்மூடிப் பரமண்டல ஜெபம் சொல்வது, எதுவும் வேண்டாம். ஆலயம் பார்க்கப் போகும் அன்று வழிபாட்டு நேரத்துக்கு வெளியே போங்கள், சம்மதக் கடிதத்தில் "பார்வையிட மட்டும்" என்று எழுதி வாங்குங்கள். வர விரும்பாத பிள்ளைக்குப் படங்களை வைத்து அதே மூன்று கேள்வி.

சாக்பீஸ் எழுதியது:

இறால் திருத்தத்துக்கு நன்றி பாய், கேள்விக்குறி போட்டாயிற்று.

வைகைக்கரை, ஒன்று விட்டுப்போனது. வகுப்பில் இருக்கும் முஸ்லிம் பிள்ளையைப் பார்த்து "உங்க மதத்துல எப்படிப்பா?" என்று கேட்காதீர்கள். 14 வயதுப் பிள்ளை உலக முஸ்லிம்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும். தெரியாவிட்டால் அவமானம், தப்பாகச் சொன்னால் வீட்டில் பிரச்சினை. தானாகக் கை தூக்கினால் பேசட்டும், அப்போதும் "எங்க வீட்டில்" என்று தொடங்கச் சொல்லுங்கள்.

தேர்வுக் கேள்வியும் மாற வேண்டும். "முஸ்லிம்களின் அஸர் நேரம் எப்போது தொடங்கும்?" என்று கேட்டால் மூன்று நாள் உழைப்பும் வீண், பிள்ளை பழைய டப்பாவுக்கே திரும்பிவிடும். "நிழல் 150 செ.மீ., குச்சி 100 செ.மீ., நண்பகல் நிழல் இல்லை. யாருக்கு அஸர் வந்துவிட்டது, யாருக்கு வரவில்லை, ஏன்?" என்று கேளுங்கள். 2 மதிப்பெண் கொடுக்கலாம். மரபின் பெயர் சொல்லாத விடைக்கு ஒன்றுதான்.